சாக்குப் பையில் ஒரு நூலகம்: மலைக்குடி ஆசிரியரும் குழந்தைகளின் வாசிப்பும்

(ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலையில், சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தைக் கடந்து மேலேறினால் மறையூர் வருகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில் அமைந்த ஊர் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியாதலால் பருவமழை இங்கே குறைவு. இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடும், கரும்பு வயலும், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும், பாறைகளின்மேல் நிற்கும் பழங்காலக் கல்திட்டைகளான முனியறைகளும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. அஞ்சுநாடு என்று பழைய மக்கள் வழங்கும் இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. காட்டோரக் குடிகளில் வாழும் முதுவரும் மலைப்புலையரும் தத்தமக்குரிய பேச்சு வழக்கை உடையவர்கள்.

மறையூரின் சந்தன மரங்களைக் காக்க வேலி உண்டு. இரவு பகலாகக் காவலும் உண்டு. விலைமதிப்புள்ள பொருளைப் பூட்டிக் காப்பது உலக இயல்பு. ஆனால் பூட்டி வைத்தால் பயனற்றுப் போகும் பொருள் ஒன்று உண்டு, அதுவே புத்தகம். சந்தனம் காவலில் வாழ்கிறது. புத்தகமோ கைமாறுவதில் வாழ்கிறது. இவ்வுண்மையை இம்மலைத் தொடரிலேயே ஓர் ஆசிரியரும் ஒரு தேநீர்க் கடைக்காரரும் எவ்வாறு நடத்திக் காட்டினர் என்பதும், அதிலிருந்து குழந்தைக் கல்விப் பணியில் உள்ளோர் கற்கத்தக்கது யாது என்பதும் இன்றைய பேச்சின் பொருள்.

இருப்புக்கல் குடியின் தேநீர்க் கடை

மறையூர் அடங்கிய அதே தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றுக்கு அப்பால் அடர்காட்டினுள் இருக்கிறது இடமலைக்குடி. முதுவர் இன மக்கள் மட்டுமே வாழும் சிறு குடிகள் பல சேர்ந்த பகுதி அது. 2010-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்டது. நெடுங்காலம் அங்கே செல்வதற்குக் காட்டுவழி நடையைத் தவிர வேறு வழியில்லை. அரிசியும் உப்பும்கூடத் தலைச்சுமையாகவே சென்றன.

இக்குடிகளில் ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியவர் பி. கே. முரளிதரன். ஆசிரியரைக் குறிக்கும் மலையாள வழக்குப்படி மக்கள் அவரை 'முரளி மாஷ்' என்று அழைத்தனர். அவரும் பழங்குடியில் பிறந்தவரே. எனினும் முதுவர் அல்லர். இடமலைக்குடிக்கு வெளியே மாங்குளத்தில் வாழ்ந்துகொண்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை முதுவர் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதில் செலவிட்டவர். குழந்தைக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டு, அவ்வெழுத்தைக்கொண்டு படிப்பதற்கு ஊரில் ஒரு தாளும் இல்லாத நிலையில் விட்டுவிடுவது எவ்வகைக் கல்வி என்ற கேள்வி இத்தகைய ஆசிரியர் எவருக்கும் எழாமல் இராது. அவரும் பத்திரிகைத் துறை நண்பர்களும் எடுத்த முயற்சியால் புத்தகங்கள் திரட்டப்பட்டுக் காட்டுக்குள் வந்து சேர்ந்தன. அவற்றை வைக்க அங்கே கட்டடமில்லை, அலமாரியுமில்லை. இருப்புக்கல் குடியில் தேநீர்க் கடை வைத்திருந்த பி. வி. சின்னத்தம்பி என்னும் முதியவர் அப்பொறுப்பை ஏற்றார். 'அட்சரம்' என்ற பெயரில் நூலகம் ஒன்று உருவாயிற்று.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ஆம் ஆண்டில் அந்நூலகத்தைப் பற்றி எழுதியபோது சின்னத்தம்பிக்கு வயது 73. மண்சுவர்க் கடையின் ஒரு பகுதியில் தேநீரும் தின்பண்டமும், மறுபகுதியில் நூலகம். 160 புத்தகங்கள் இரண்டு சாக்குப் பைகளில் இருந்தன. நாள்தோறும் அவற்றை எடுத்துப் பாயில் பரப்பி வைப்பார். உறுப்பினர் 25 பேர். சேர்வதற்கு 25 ரூபாய், பின்னர் மாதம் 2 ரூபாய். எடுத்தவர் பெயரும் நூலின் பெயரும் ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காகப் பதியப்பட்டன. 2013-ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் இரவல் சென்றிருந்தன. 160 நூல்களுக்கு 37 இரவல் என்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான நூல்களை அடுக்கி வைத்துள்ள நகரத்து நூலகம் ஒன்றில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் இவ்வெண்ணின் பெருமை விளங்கும்.

அவை எளிய பொழுதுபோக்கு நூல்கள் அல்ல. மலையாள இலக்கியத்தின் முதன்மையான படைப்புகளும் பிறமொழிப் பெருநூல்களின் பெயர்ப்புகளும் அங்கே இருந்தன. மீண்டும் மீண்டும் எடுத்துச் செல்லப்பட்டவற்றுள் ஒன்று, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்து மலையாள மொழிபெயர்ப்பு. இதில் வியப்பதற்கில்லை. மதுரை எரியுண்ட பின் அந்நகரை விட்டு மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது முதுவரின் மரபுக்கதை. பாட்டனார் வாய்மொழியாகக் கேட்ட கதையை அச்செழுத்தில் காணும்போது, புத்தகம் வெளியார் பொருளாகத் தோன்றாது. தம் வீட்டுப் பொருளாகிவிடுகிறது. எந்தப் புத்தகத்தை எந்த ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தேநீர்க் கடையின் குறிப்பேடே விடை தருகிறது.

எழுத்தறியும் முன்பே வாசிப்பு

மேலே கூறியது வளர்ந்தோர்க்கான நூலகம். அதே ஆசிரியரின் முன்னே நாள்தோறும் அமர்ந்திருந்தவர்களோ சிறு குழந்தைகள். நான்கு வகுப்புகளும் ஓர் அறையில், ஓர் ஆசிரியரின் பார்வையில் நடக்கும் பள்ளி அது. இத்தகைய பள்ளிக்கு அண்ணனோடும் அக்காவோடும் பள்ளி வயது வராத தம்பி தங்கைகளும் வந்து உட்கார்ந்துவிடுவது மலைக்குடிகளில் இயல்பு. ஆகவே அங்கே ஆசிரியர் மழலைப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தாக வேண்டும்.

எழுத்துத் தெரிந்த பிறகுதான் வாசிப்பு தொடங்குகிறது என்பது பரவலான ஓர் எண்ணம். குழந்தைக் கல்வி ஆய்வுகள் இதற்கு மாறானவற்றையே கூறுகின்றன. மூன்று வயதுக் குழந்தையின் முன்னே பெரியவர் ஒருவர் புத்தகத்தை விரித்துக் கதை சொல்லும்போது பலவும் ஒருங்கே நிகழ்கின்றன. தாளில் உள்ள கோடுகள் பேச்சாக மாறுகின்றன என்பதைக் குழந்தை காண்கிறது. புத்தகத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது, பக்கத்தை எவ்வாறு புரட்டுவது, வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பனவற்றை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் கதையின் வழியே காதில் விழுகின்றன. அடுத்து என்ன நிகழும் என்று ஊகிக்கும் பழக்கம் உண்டாகிறது. பின்னாளில் எழுத்தறியும்போது இக்குழந்தைக்கு எழுத்து ஒரு புதிராகத் தோன்றுவதில்லை. ஏற்கெனவே அறிந்த ஓர் இன்பத்திற்குத் திறவுகோலாகவே தோன்றுகிறது.

இதற்கு வேண்டிய முறை எளியது. குழந்தைகளைத் தரையில் வட்டமாக அமர்த்தி, படம் அவர்களுக்குத் தெரியும்படி புத்தகத்தைப் பிடிக்க வேண்டும். வரியின்கீழ் விரலை ஓட்டியபடி படிக்க வேண்டும். கேள்வி கேட்கும் குழந்தையைத் தடுக்கலாகாது. ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் படிக்க வேண்டும்; ஏனெனில் மீண்டும் கேட்பதே குழந்தையின் பாடம். ஐந்தாம் முறையில் குழந்தை முந்திக்கொண்டு அடுத்த வரியைச் சொல்லும். பத்தாம் முறையில் புத்தகத்தைத் தானே வாங்கிப் படத்தைப் பார்த்து முழுக் கதையையும் சொல்லும். அது எழுத்தைப் படித்ததன்று என்று அதைத் தள்ளுதல் தவறு. வாசிப்பின் முதற்படி அதுவே.

ஆயினும் இம்முறையில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கதையில் ஆசிரியருக்கே சுவை இல்லாவிடில் குழந்தைக்கும் சுவை பிறவாது. கணக்கை விருப்பமின்றிக்கூட ஓரளவு சொல்லிக் கொடுத்துவிடலாம். புத்தகத்தின்மீது ஆசையைப் புத்தகத்தை விரும்பாதவர் ஊட்ட முடியாது.

கிஜுபாய் காட்டிய வழி

இந்நாட்டில் இவ்வுண்மையை முதலில் பள்ளியறையில் செயற்படுத்தியவர்களுள் முதன்மையானவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வழக்கறிஞராக இருந்து ஆசிரியப் பணிக்கு வந்த அவர் 1920-ஆம் ஆண்டில் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். 'திவாஸ்வப்ன' என்னும் அவருடைய நூலில் வரும் ஆசிரியர், பாடநூலைத் திறவாமல் கதையிலேயே வகுப்பைத் தொடங்குகிறார். பாடநூலுக்காகப் பெற்றோர் செலவிடும் பணத்தைத் திரட்டிக் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பறையிலேயே ஒரு நூலகம் அமைக்கிறார். மேலதிகாரி ஐயுறுகிறார், சக ஆசிரியர்கள் நகைக்கிறார்கள், பிள்ளைகளோ படிக்கிறார்கள்.

அவர் வழிவந்த தாராபாய் மோடக், 1945-ஆம் ஆண்டில் மகாராட்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்வி நிலையம் தொடங்கினார். அவரோடு பணியில் இணைந்தவர் அனுதாய் வாக். 1957-ஆம் ஆண்டில் இப்பணி வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. பள்ளிக்குக் குழந்தைகள் வராதபோது பள்ளியையே குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுசெல்லும் முறையை அவர்கள் கையாண்டனர். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், 'அங்கன்வாடி' என்ற பெயரைத் தாங்கி நாடெங்கும் பரவியது. முற்றம் என்னும் பொருளுடைய சொல் அது. முற்றத்திற்குப் பள்ளி சென்றதுபோல் புத்தகமும் செல்ல வேண்டும் என்பதே எஞ்சி நிற்கும் பணி.

புத்தகம் வாசகரைத் தேடிச் செல்லும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் தம் நூலக அறிவியல் விதிகள் ஐந்தை 1931-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகச் சென்றது. கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945-ஆம் ஆண்டில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை உருவாக்கினார். அவர் மறைந்த ஜூன் 19 இன்றும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. இருப்புக்கல் குடியின் சாக்குப் பை இந்த மரபின் கடைசிக் கண்ணி எனலாம்.

வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்

மறையூர் வட்டாரத்துக் குழந்தைக்கு மற்றொரு தடையும் உண்டு. வீட்டில் தமிழோ, தமிழோடு நெருங்கிய முதுவர் பேச்சோ கேட்டு வளரும் குழந்தை, பள்ளியில் பெரும்பாலும் மலையாள ஏட்டைச் சந்திக்கிறது. தமிழ்வழிப் பிரிவுள்ள பள்ளிகள் இவ்வட்டத்தில் உண்டு. எனினும் ஏட்டுத் தமிழும் மலைக்குடிப் பேச்சும் ஒன்றல்ல. எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, ஆசிரியரும் புதியவர் என்றால் ஆறு வயதுப் பிள்ளை வாய்மூடி உட்காருவதைத் தவிர வேறென்ன செய்யும்? வாய்மூடிய பிள்ளை மந்தமான பிள்ளை என்று பதியப்படுவதும், ஓரிரு ஆண்டுகளில் பள்ளியை விட்டு நிற்பதும் பழங்குடிப் பகுதிகள் பலவற்றில் கண்ட கதை.

படப் புத்தகம் இங்கே பாலமாகிறது. யானையின் படம் எம்மொழிக்கும் பொது. ஆசிரியர் முதலில் குழந்தையின் பேச்சிலேயே கதையைக் கேட்டு வாங்கலாம். பிறகு அதே கதையை ஏட்டு மொழியில் படித்துக் காட்டலாம். முதுவர் குடிகளில் இளைஞர் கூடி உறங்கும் 'சாவடி' என்னும் பொதுக்குடில் மரபாக உண்டு. இத்தகைய இடங்களில் முதியோர் வாயில் வழங்கும் கதைகளைக் குழந்தைகளே கேட்டு வந்து சொல்ல, ஆசிரியர் எழுதி, பிள்ளைகள் படம் வரைந்து தைத்தால் அது ஒரு புத்தகம். அதற்கு அச்சகம் வேண்டுவதில்லை. தம் ஊர்ப் பாட்டியின் கதை புத்தகமாகியிருப்பதைக் காணும் குழந்தை, மற்றப் புத்தகங்களையும் யாரோ ஒரு பாட்டி சொன்ன கதை என்றே எண்ணி அச்சமின்றித் திறக்கும்.

தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளாக வகுக்கப்பட்டன. உடுமலை வழியாக மறையூர்த் தமிழ்க் குழந்தைகளுக்கும் இத்தகைய நூல்கள் எட்டுமானால் மாநில எல்லை தடையாகாது.

பூட்டிய அலமாரி

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பொருள்களோடு நூலகப் புத்தகங்களையும் வழங்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பல பள்ளிகளில் அப்புத்தகங்கள் தலைமை ஆசிரியரின் அலமாரியிலேயே தங்கின. காரணம் சோம்பலன்று; அச்சம். புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது அரசின் சொத்து. கிழிந்தாலும் தொலைந்தாலும் தணிக்கையின்போது ஆசிரியர் விடை சொல்ல வேண்டும். குழந்தை கையில் கொடுத்தால் கிழியும், கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. இத்தகைய நிலையில் அறிவுள்ள எவரும் பூட்டையே நாடுவர்.

இந்த அச்சத்திற்கு அரசு விதிகளே மாற்றுக் கூறுகின்றன என்பதைப் பலர் அறியார். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நூலகத்தில் ஓராண்டில் இரவல் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் 1000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை இழப்பு ஏற்படுவது இயல்பாகக் கொள்ளப்படலாம். நேர்மையின்மையோ கவனக் குறைவோ காரணமாக இருத்தலாகாது என்பதே நிபந்தனை. விலை மிகுந்தனவும் அரியனவுமான நூல்களுக்கு மட்டும் தனி விசாரணை உண்டு. இவ்விதி மத்திய அரசு நூலகங்களுக்குரியது. ஆயினும் இதன் உட்கருத்து எங்கும் பொருந்துவது. 20 குழந்தைகள் உள்ள ஒரு மலைப்பள்ளியில் வாரம் ஒரு நூலாக 40 வாரம் வழங்கினால் 800 இரவல். இக்கணக்கின்படி ஆண்டுக்கு 4 நூல்கள் போனால் அது குற்றமன்று. வழங்கல் பெருகப் பெருக, பொறுக்கத்தக்க இழப்பும் பெருகுகிறது. அதாவது இவ்விதி பூட்டி வைப்பவரையன்று, வழங்குபவரையே காக்கிறது. கல்வி அலுவலர் ஒருவர் தம் பள்ளிகளுக்கு இதே நோக்கில் ஒரு தெளிவான ஆணை பெற்றுத் தந்தால், அது நூறு புதிய புத்தகங்களுக்கு ஒப்பாகும்.

மலைநாட்டில் புத்தகத்திற்குப் பகைவர் பலர். பனியும் ஈரமும் தாளைப் பூஞ்சை பிடிக்கச் செய்யும், கரையானும் வெள்ளிப் பூச்சியும் அரிக்கும், ஓலைக்கூரை ஒழுகும். வெயில் நாளில் புத்தகங்களைப் பாயில் பரப்பி உலர்த்துவதும், கிழிந்த பக்கத்தை ஒட்டுவதும், அட்டை போடுவதும் குழந்தைகளோடு சேர்ந்து செய்யத்தக்க வேலைகள். புத்தகத்தைத் தைத்துச் சீர்செய்த கை அதைக் கிழிக்கத் துணிவதில்லை.

ஆசிரியரின் நிலை

இத்தனையும் ஓர் ஆசிரியரை நம்பி நிற்கின்றன. அவ்வாசிரியர் எதை நம்பி நிற்கிறார்? மலைக்குடிகளின் ஓராசிரியர் பள்ளிகளில் பணியாற்றியோர் நிரந்தர ஊதியம் பெற்றவர் அல்லர். சிறு மதிப்பூதியத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, காட்டுவழி நடந்து கற்பித்தவர் பலர். 2022-ஆம் ஆண்டில் கேரள அரசு இப்பள்ளிகளை மூடி, மாணவர்களைப் பிற பள்ளிகளோடு இணைக்க முடிவு செய்தது. முழுத் தகுதி பெற்ற ஆசிரியர்களும் வசதிகளும் உள்ள பள்ளியில் படிக்கும் உரிமை மலைக்குழந்தைக்கும் உண்டு என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாற்றாகக் கிடைத்தது பெரும்பாலும் பகுதிநேரத் துப்புரவுப் பணி. வருவாய்க்கு அது உதவியிருக்கலாம். எந்தத் தொழிலும் இழிவானதன்று. எனினும் ஒரு குடியின் குழந்தைகள் ஒவ்வொருவரையும் பெயரால் அறிந்து, அவர்தம் பேச்சை அறிந்து, எந்தக் குழந்தை எந்தக் கதைக்குச் சிரிக்கும் என்பதையும் அறிந்தவரின் அறிவு, அப்பணியில் யாருக்கும் பயன்படாமற் போகிறது. கட்டடம் மூடப்பட்டால் மீண்டும் திறக்கலாம். அத்தகைய அறிவு கலைந்தால் திரட்டுவதற்கு மீண்டும் இருபது ஆண்டுகள் வேண்டும்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, குழந்தைக் கல்விப் பயிற்சியில் ஆசிரியரின் சொந்த வாசிப்புக்கு இடம் வேண்டும். பாடத்திட்டம் படித்தவர் பலர். கதை படித்தவர் சிலர். மாதந்தோறும் நடைபெறும் அங்கன்வாடிப் பணியாளர் கூட்டங்களில் பதிவேடுகளைச் சரிபார்த்த பின், ஒவ்வொருவரும் தாம் படித்த ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். இரண்டாவது, புத்தகத் தேர்வு மாவட்டத் தலைநகரில் முடியாமல், அக்குழந்தைகளின் மொழியும் கதையும் அறிந்தவரைக் கேட்டு நடக்கட்டும். மூன்றாவது, ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் 'எத்தனை நூல்கள் உள்ளன?' என்று கேட்பதோடு நில்லாமல், 'சென்ற மாதம் எத்தனை நூல்கள் வீட்டுக்குச் சென்றன?' என்றும் கேட்கட்டும். கேள்வி மாறினால் அலமாரியின் பூட்டும் திறக்கும். நான்காவது, ஊரில் நம்பிக்கைக்குரிய பொதுமனிதர் எவரோ அவரிடம், கடைக்காரராயினும் பாட்டியாராயினும், ஒரு புத்தகப் பையை ஒப்படைக்கலாம். பள்ளி மூடிய பின்னும் விடுமுறையிலும் குழந்தைக்குப் புத்தகம் கிட்டும்.

2014-இல் இருப்புக்கல் குடிக்குச் சென்றவர்கள் கண்டது மிகச் சிறிய காட்சி: ஒரு பாய், இரண்டு சாக்குகள், ஒரு குறிப்பேடு, பாலில்லாத தேநீர். அக்காட்சிக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் நெடுங்கால உழைப்பும் ஒரு முதியவரின் நேர்மையும் இருந்தன. திட்டங்கள் இவ்விரண்டையும் உண்டாக்க இயலா. ஆனால் இவை தோன்றும் இடத்தில் வாடாமல் காக்க இயலும். மலைக்குடி ஒன்றில் நாளைப் பணியேற்கப்போகும் இளம் ஆசிரியர் தம் பையில் உடைகளோடு நான்கு கதைப் புத்தகங்களையும் எடுத்துச் செல்வாராக. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன்பே குழந்தைகள் கையில் கொடுப்பாராக.